அந்தப் பையன் நடிக்கவில்லை

செப்டெம்பர் 8

அண்ணா நடித்த படம் இன்று இணையத்தில் வந்துவிட்டது. படம் மொத்தம் எண்பத்தெட்டு நிமிடம். அதில் அண்ணா வருவது பதினொரு நிமிடம். இரண்டு முறை ஓடவிட்டு அளந்தேன்.

படத்தின் பெயர் ‘சி படிக்கட்டு’. போன கோடை விடுமுறையில் எங்கள் கட்டடத்திலேயே எடுத்தார்கள். லண்டன் ஈஸ்ட்ஹாமில் இருக்கும் பதினாறு மாடிக் கவுன்சில் வாடகைக் கட்டடம் இது. டெல்மார் ஹவுஸ் என்று பெயர். டான் என்கிற இயக்குநரும் அவருடைய இரண்டு நண்பர்களும் ஒரேயொரு கமெராவோடு வந்தார்கள். நடிகர்களைத் தேடி அவர்கள் எங்கும் போகவில்லை, கீழே நின்ற பையன்களைக் கூப்பிட்டார்கள். அண்ணா சூப்பர்மார்க்கெட் வேலை முடிந்து பால் போத்தலோடு வந்துகொண்டிருந்தாராம். டான் அவரை மறித்து, கோபமாக ஒருமுறை பார் என்றாராம். அண்ணா பார்த்தார். அவ்வளவுதான், கிடைத்துவிட்டது.

போதைமருந்து விற்கும் ஒரு கூட்டம், அதில் புதிதாகச் சேரும் ஒரு பையன், கடைசியில் எல்லோரும் சாகிறார்கள். இதுதான் கதை. அண்ணா அந்தக் கூட்டத்தில் மூன்றாவது ஆள். பாத்திரத்துக்குப் பெயர்கூட இல்லை. நான்கு வசனம் பேசுவார், படிக்கட்டில் நின்று கத்தியை எடுத்துக் காட்டுவார்.

அம்மா சாண்ட்விச் ஃபாக்டரியின் நீல மேலங்கியைக் கழற்றாமலே வந்திருந்து பார்த்தார். கத்தி வந்ததும் எழும்பிக் குசினிக்குப் போய்விட்டார்.

“அது ரப்பர் கத்தியம்மா. வளையும்,” என்று அண்ணா சிரித்தார்.

“வளைஞ்சா என்ன, வளையாட்டி என்ன. சாமிப் படத்துக்கு முன்னால இருந்து உதைப் பாக்கேலாது.”

பிறகு கை துடைத்துக்கொண்டு வந்து என்னிடம் கேட்டார். அம்மாவுக்கு அண்ணா எப்போதும் ‘தம்பி’தான். “சனம் என்ன பிள்ளை சொல்லுது? தம்பி நல்லாச் செய்தவனெண்டு சொல்லுகினமோ?”

இந்த நாட்குறிப்பை அதற்காகத்தான் தொடங்குகிறேன். பார்த்தவர்கள் ஆங்கிலத்தில் எழுதுவதை நான் தமிழில் எழுதி வைத்தால், அம்மா வேலையால் வந்ததும் வாசித்துக் காட்டலாம்.

செப்டெம்பர் 10

இன்றுவரை ஒன்பது கருத்து வந்திருக்கிறது. ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர்கள் மூன்று பேர். அவர்களில் ஒருவர், “இந்த ஆண்டின் தலைசிறந்த படம், இயக்குநர் மிகவும் அன்பான பிள்ளை” என்று எழுதியிருக்கிறார். அது டானின் அம்மா என்று நினைக்கிறேன்.

மற்றவை:

“பாதி வசனம் காதில் விழவில்லை. மீதிப் பாதி விழாமல் இருந்திருக்கலாம்.”

“ஹுடி போட்ட பையன்கள் எண்பத்தெட்டு நிமிடம் படிக்கட்டில் ஏறி இறங்குகிறார்கள். லிஃப்டைத் திருத்தியிருந்தால் படமே தேவைப்பட்டிராது.”

“போஸ்ட்கார்டில் இல்லாத லண்டன். குறைந்த செலவில் நேர்மையாக எடுத்திருக்கிறார்கள். நம்பிக்கை என்று ஒரு துளி இல்லை. அதுதான் சரி.”

கடைசியை அம்மாவுக்கு வாசித்தேன். முதல் இரண்டையும் வாசிக்கவில்லை.

“தம்பியைப் பற்றி?”

“இன்னும் ஒருத்தரும் எழுதேல்லை அம்மா.”

“எழுதுவினம். பாப்பம்.”

செப்டெம்பர் 15

எழுதிவிட்டார்கள்.

“கூட்டத்தில் மூன்றாவதாக நிற்கும் ஆசியப் பையனை எங்கிருந்து பிடித்தார்கள்? சதுரங்கப் போட்டிக்குப் போகும் வழியில் பிடித்திருப்பார்கள். அவன் கத்தியைப் பிடிக்கும் விதத்தைப் பாருங்கள். பாணுக்கு வெண்ணெய் பூசப் போகிறான்.”

இதை இருநூற்றுப் பதினெட்டுப் பேர் ‘பயனுள்ளது’ என்று அழுத்தியிருக்கிறார்கள். எனக்குக் கன்னம் சுட்டது. அண்ணா பார்த்திருக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன். ஆனால் அவர் பின்னேரம் வந்து சப்பாத்தைக் கழற்றாமல் கட்டிலில் படுத்த விதத்திலேயே தெரிந்தது.

அம்மாவுக்கு, “ஒருத்தர் அண்ணாவைப் பாத்துச் சிரிச்சதெண்டு எழுதியிருக்கிறார்” என்றேன். “சிரிச்சதோ? நல்லது, நல்லது” என்றார் அம்மா.

செப்டெம்பர் 17

பாடசாலையால் வரும்போது கீழே நின்ற பையன்கள் அண்ணாவைக் கூப்பிட்டதைக் கேட்டேன். கஜீபன் என்று கூப்பிடவில்லை.

“டேய் வெண்ணெய்! ரோஸ்ட் பண்ணின பாண் இருக்கு, வாறியா?”

சத்தமாகச் சிரித்தவன் கேலம். பக்கத்துக் கட்டடத்துப் பையன், வயது பதினேழு, தலைமயிர் செம்பட்டை. அண்ணாவும் சேர்ந்து சிரித்தார். லிஃப்டுக்குள் வந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார். எங்களுடைய பதினோராம் மாடி வரும்வரை இலக்கங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஆரபி, நான் உண்மையாவே அப்பிடியோ பிடிச்சனான்?”

“இல்லையண்ணா. நீங்கள் வடிவாத்தான் பிடிச்சனீங்கள்.”

“உனக்கென்ன தெரியும்.”

செப்டெம்பர் 21

இன்று ஒருவர் எழுதியிருக்கிறார்: “இங்கே ஐந்து நட்சத்திரம் போட்டவர்கள் அத்தனை பேரும் நடிகர்களின் மாமிமார், மச்சான்மார். ஏமாறாதீர்கள்.”

நல்லவேளை, நான் போடுவதற்கு முன் இதை வாசித்தேன். நான்கு நாட்களாக ஒரு கருத்தை எழுதி எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். முதல் முயற்சியில் ‘அற்புதம்’ என்ற சொல் மூன்று முறை வந்துவிட்டது. எவரும் மாமி என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஆகவே நூலகத்தில் இருந்து வேறு மாதிரி யோசித்தேன். எழுதுகிறவர் யார்? ஆண். ஐம்பது வயது. பஸ் ஓட்டுகிறார். புகழ்ந்து பழக்கமில்லாதவர். அப்படி ஒருவர் எப்படி எழுதுவார்? சின்னச் சின்ன வாக்கியமாக எழுதுவார். நட்சத்திரமும் ஐந்து போடமாட்டார், நான்குதான் போடுவார். இதோ, தமிழில்:

“இந்தக் கட்டடத்தில் இருபது வருடமாக இருக்கிறேன். பஸ் ஓட்டுகிறேன். படம் சுமார். சத்தம் மோசம். ஆனால் மூன்றாவது பையனைப் பார்த்து இங்கே சிரிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அந்தப் பையன் நடிக்கவில்லை. அவன் லிஃப்டில் ஏறினால் நாங்கள் அடுத்த லிஃப்டுக்குக் காத்து நிற்போம். அவனுடைய கையில் கத்தியை என் கண்ணால் கண்டிருக்கிறேன். அது வெண்ணெய் பூசுகிற கத்தி அல்ல.”

நான் இதுவரை எழுதியவற்றில் இதுதான் சிறந்தது என்று நினைக்கிறேன். எங்கள் ஆங்கில டீச்சருக்குக் காட்ட முடியாதது மட்டும்தான் கவலை.

செப்டெம்பர் 24

அண்ணா கண்டுவிட்டார்! குசினிக்குள் ஓடிவந்து ஃபோனை என் முகத்துக்கு நேரே பிடித்தார்.

“வாசி, வாசி. சத்தமா வாசி.”

வாசித்தேன். முதல்முறை காண்பதுபோல் இரண்டு இடத்தில் வேண்டுமென்றே தடுக்கினேன்.

“ஆராயிருக்கும்? நாலாம் மாடியில ஒரு கறுப்பு மனுசன் பஸ் யூனிஃபோமோட போறவர் எல்லே, அவராயிருக்குமோ?”

“இருக்கலாம்.”

“பாத்தியே, கண்ணால கண்டதெண்டு எழுதியிருக்கிறார். ஒண்டையும் காணேல்லை, சும்மா புளுகு. ஆனா என்ன எழுத்து!” அதைப் படம் பிடித்து, தன் நண்பர்கள் எல்லோருக்கும் அனுப்பினார். கீழே ஒரு வரியும் சேர்த்தார்: ‘இந்த ஆளுக்கு என்னைத் தெரியும்.’

இன்று அண்ணா மூன்று முறை சோறு போட்டுச் சாப்பிட்டார். அம்மாவுக்கு இந்தக் கருத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. “ஒரு பஸ் ஓட்டுநர், அண்ணா இயல்பாகச் செய்கிறார் என்கிறார்” என்று மொழிபெயர்த்தேன்.

ஒக்டோபர் 6

முந்நூற்று நாற்பது பேர் ‘பயனுள்ளது’ என்றிருக்கிறார்கள். வெண்ணெய்க்காரரை முந்திவிட்டேன்.

டான் படத்துக்குப் புதிய போஸ்டர் செய்திருக்கிறார். அண்ணாவின் முகம் பெரிதாக இருக்கிறது. அதற்குக் கீழே வெள்ளை எழுத்தில், ‘அந்தப் பையன் நடிக்கவில்லை – ஒரு பார்வையாளர்’. அச்சில் வந்த என்னுடைய முதல் வசனம். பெயர் போடாதது நல்லதுதான்.

ரீஸ் இன்று எங்கள் வீட்டு வாசலுக்கே வந்தான். படத்தில் கூட்டத்தின் தலைவனாக வந்தவன் அவன். இருபத்திரண்டு வயது. கீழே நிற்கும் பையன்கள் அவனைக் கண்டால் குரலைக் குறைப்பார்கள். முன்பெல்லாம் அண்ணாவைக் கண்டாலும் காணாதமாதிரிப் போவான். இன்று, “ஜி இருக்கிறானா?” என்று என்னைக் கேட்டான். ஜி என்றால் கஜீபன். வெண்ணெய் என்று அவன் சொல்லவில்லை.

அண்ணா சாப்பாட்டுக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டுப் போனார்.

“ஆரது?” என்று அம்மா கேட்டார்.

“படத்தில நடிச்சவர் அம்மா.”

“படம்தான் முடிஞ்சுதே. பேந்தென்ன?”

ஒக்டோபர் 20

லிஃப்டில் நானும் அண்ணாவும் ஏறினோம். ஒரு பெண் நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அண்ணாவைப் பார்த்தார். பிறகு ஃபோனில் ஏதோ தேடுகிறமாதிரி அங்கேயே நின்றுவிட்டார். கதவு மூடியதும் அண்ணா என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். நான் எழுதியது ஒன்று உண்மையாக நடப்பதை இன்றுதான் கண்டேன்.

சூப்பர்மார்க்கெட் வேலைக்கு அண்ணா இந்தக் கிழமை முழுக்கப் போகவில்லை. காய்ச்சல் என்று அவர்களுக்கு ஃபோன் எடுத்துச் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

நவம்பர் 9

புவியியல் வீட்டுப்பாடம்: ஆறு ஏன் வளைந்து ஓடுகிறது, வளைவு ஏன் ஒருநாள் அறுந்து தனி ஏரியாகிறது. பன்னிரண்டு கேள்வி.

அம்மா இடியப்பமும் சொதியும் செய்தார். அண்ணா வந்தபோது நான் ஏழாவது கேள்வியில் இருந்தேன். மணி ஏழேகால். நேரே குளியலறைக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டார். சாப்பிடவில்லை.

அம்மா அவருடைய சாம்பல்நிற ஹுடியைப் பேசினில் போட்டுக் கையால் தோய்த்தார். மெஷின் பழுதில்லை. குளிர்ந்த தண்ணீர் போதும் என்றார். உப்புக் கேட்டார். உப்புப் போத்தலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மீதி ஐந்து கேள்வியையும் செய்து முடித்துவிட்டேன்.

நவம்பர் 10

பஸ் நிறுத்தத்தில் நீல வெள்ளை நாடா கட்டியிருக்கிறார்கள். நடந்து பாடசாலைக்குப் போனேன். கேலம் ஆஸ்பத்திரியில் இருக்கிறானாம். நேற்றுப் பின்னேரம் ஆறரைக்கு அந்த நிறுத்தத்தில் அவனை மூன்று பேர் சேர்ந்து குத்தினார்களாம். உயிர் இருக்கிறது.

நவம்பர் 12

பொலிஸ் காலையில் வந்தது. ஒரு பெண், ஒரு ஆண். சப்பாத்தைக் கழற்றச் சொல்ல அம்மா வாயெடுத்தார், பிறகு விட்டுவிட்டார். அண்ணா உடுப்பு மாற்றும்வரை நின்றார்கள். அவருடைய ஃபோனை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டார்கள்.

அம்மாவுக்கு ஆங்கிலம் ஃபாக்டரி அளவுக்குத்தான் தெரியும். ஆகவே பொலிஸ்காரி கேட்டதை நான் சொன்னேன்: “ஒன்பதாம் திகதி அண்ணா எத்தனை மணிக்கு வீட்டுக்கு வந்தவரெண்டு கேக்கினம்.”

அம்மா என்னைப் பார்க்கவில்லை. சாமிப் படத்தையும் பார்க்கவில்லை. சன்னலைப் பார்த்துச் சொன்னார். “அஞ்சு மணிக்கு. அதுக்குப் பிறகு வெளியில போகேல்லை.”

நான் ஆங்கிலத்தில் சொன்னேன்.

“ஐந்தா?” என்று பொலிஸ்காரி திருப்பிக் கேட்டார். அம்மாவைக் கேட்கவில்லை, என்னைப் பார்த்துக் கேட்டார்.

“ஐந்து என்று அம்மா சொல்கிறார்,” என்றேன்.

மொழிபெயர்க்கிறவர் தன்னுடைய சொல்லைச் சேர்க்கக்கூடாது. அது விதி. நான் ஒன்றையும் சேர்க்கவில்லை.

அண்ணாவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அரைக்கைச் சட்டையோடு போனார். வெளியே நான்கு டிகிரி.

நவம்பர் 13

அம்மா வேலைக்குப் போனார். நான் பாடசாலைக்குப் போனேன்.

நவம்பர் 29

செய்தித்தாளில் அண்ணாவின் படம் வந்தது. போஸ்டரில் இருந்து வெட்டி எடுத்த படம். அதற்குப் பிறகு ஒரே நாளில் நூற்று அறுபது கருத்து.

“இப்போது போய்ப் பாருங்கள். உடம்பு சிலிர்க்கும்.”

“மூன்றாவது பையன் நிஜமாகவே உள்ளே இருக்கிறான். இயக்குநருக்கு நல்ல கண்.”

“பஸ் ஓட்டுநர் அன்றைக்கே சொன்னார். நாம்தான் கேட்கவில்லை.”

என் கருத்தை அழித்துவிடலாம் என்று உள்ளே போனேன். ‘நிச்சயமாக அழிக்கவா?’ என்று கேட்டது. அழித்தால் யாரோ பயந்து அழித்ததாக நினைப்பார்கள் என்று பட்டது. அதுவும் அண்ணாவுக்குக் கூடாது. விட்டுவிட்டேன்.

அம்மா இப்போதெல்லாம் சனம் என்ன சொல்லுது என்று கேட்பதில்லை.

பெப்ரவரி 18

சட்டத்தரணியிடம் போனோம். பெயர் மிஸ் ஹார்க்ரீவ்ஸ். மேசையில் பாதி கடித்த ஆப்பிள் இருந்தது. மொழிபெயர்ப்பாளர் ஏற்பாடு செய்திருந்தார்கள், அவர் வரவில்லை. நான் செய்தேன்.

அவர் சொன்னதைச் சுருக்கமாக எழுதி வைக்கிறேன். கமெராப் பதிவில் மூன்று பேர் தெரிகிறார்கள். ரீஸ் குத்துகிறான். மற்றொருவன் காவல் நிற்கிறான். மூன்றாவது ஆள் கேலத்தின் முதுகுப்பையைப் பிடித்து இழுத்து வைத்திருக்கிறான். அவனுடைய முகம் தெளிவில்லை. சாம்பல்நிற ஹுடி. அது அண்ணா என்று அரச தரப்பு சொல்கிறது, வீட்டில் இருந்தேன் என்று அண்ணா சொல்கிறார்.

“முகம் தெளிவில்லாதது நமக்கு நல்லது,” என்றார் மிஸ் ஹார்க்ரீவ்ஸ். “ஆனால் ஃபோனில் ஒன்று இருக்கிறது. அதுதான் எனக்குப் பயம்.”

ஒரு தாளைத் திருப்பி வைத்தார். என்னுடைய கருத்து. அதற்குக் கீழே, ‘இந்த ஆளுக்கு என்னைத் தெரியும்.’

யாரோ பெயரில்லாத ஆள் எழுதியதை மட்டும் வைத்து ஒன்றும் செய்ய முடியாதாம். ஆனால் அண்ணா அதைத் தன்னுடையதாக ஏற்று நாற்பது பேருக்கு அனுப்பியிருக்கிறார். கத்தி வைத்திருக்கிறவன், மற்றவர்கள் பயப்படுகிறவன் என்று அவரே தன்னைச் சொன்னதாக ஜூரிக்குக் காட்டுவார்கள்.

“என்னவாம்?” என்றார் அம்மா.

நான் அம்மாவுக்குச் சொல்வதற்கு முன் மிஸ் ஹார்க்ரீவ்ஸிடம் கேட்டேன். அதை எழுதினவர் வந்து, எல்லாம் கற்பனை என்று சொன்னால்?

“உனக்கு அவரைத் தெரியுமா?”

“என் பாடசாலைப் பிள்ளை ஒருத்தி. பகிடிக்கு எழுதினாள்.”

அவர் பேனையை மூடினார். “அவள் வரலாம். உதவியாகக்கூட இருக்கும். ஆனால் கூண்டில் ஏறினால் அதை மட்டும் கேட்டுவிட்டு விடமாட்டார்கள். கஜீபனை எப்படித் தெரியும், வீட்டுக்கு வருவாளா, நவம்பர் ஒன்பதாம் திகதி எங்கே இருந்தாள், அவனை எத்தனை மணிக்குக் கண்டாள், எல்லாம் கேட்பார்கள். சத்தியம் செய்துவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும்.” கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். “அந்தப் பிள்ளையிடம் யோசித்துச் சொல்லச் சொல்.”

எல்லாவற்றையும் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். ஒரு சொல்லும் விடவில்லை. அம்மா தலையை மட்டும் ஆட்டினார்.

வீட்டுக்கு வந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது அம்மா கேட்டார்.

“அந்தப் பிள்ளைக்கு எத்தினை வயசு?”

“பதினாலு. மார்ச்சில பதினைஞ்சு.”

“கெட்டிக்காரியோ?”

“ஓம்.”

“அஞ்சு மணியெண்டு கேட்டா, அஞ்சு மணியெண்டு சொல்லுவாளோ? சத்தியம் பண்ணிப்போட்டு?”

நான் அடுத்த வெங்காயத்தை எடுத்தேன். அம்மா வெங்காயத் தோலைக் கூட்டி அள்ளினார்.

“வேண்டாம். வரவேண்டாமெண்டு சொல்லு அவளுக்கு. ஒரு பிள்ளை போனது காணும்.”

ஜூன் 11

வழக்கின் இரண்டாம் நாள். பதினான்கு வயதுக்குக் குறைந்தவர்களை மேலே பார்வையாளர் பகுதிக்கு விடமாட்டார்கள். எனக்குப் பதினைந்து ஆகிவிட்டது. மொழிபெயர்ப்பாளர் நேற்று மட்டுமே கிடைத்ததால் அம்மா நேற்றே சாட்சி சொல்லி முடித்துவிட்டார், இன்று என் பக்கத்தில் இருந்தார்.

கேலம் இன்று சாட்சி சொன்னான். இடது கை விரல்கள் மடங்குவதில்லை. தண்ணீர்க் குவளையை இரண்டு கையாலும் பிடித்தான். அவனுடைய தாய் கீழே முன்வரிசையில் இருந்தார். அவன் குடித்து முடிக்கும்வரை அவருடைய வாயும் சற்றுத் திறந்தே இருந்தது.

“அந்த மூன்றாவது ஆளை முன்பே தெரியுமா?”

“தெரியும். படத்தில் நடித்தவன். நாங்கள் அவனை வெண்ணெய் என்று கூப்பிடுவோம்.”

“அவனுக்கு அது பிடிக்குமா?”

“சிரிப்பான். பிறகு சிரிப்பதை விட்டுவிட்டான்.” கேலம் அண்ணா பக்கம் பார்த்தான். “சும்மா பகிடிக்குத்தான் கூப்பிட்டோம், ஐயா.”

ஜூன் 12

அரச தரப்புச் சட்டத்தரணி என் கருத்தை ஜூரிக்கு வாசித்தார்.

நான் எழுதியதை வேறொருவர் உரக்க வாசிக்க நான் கேட்டது இதுதான் முதல் முறை. மிக நன்றாக வாசித்தார். ‘அந்தப் பையன் நடிக்கவில்லை’ என்ற வாக்கியத்துக்கு முன்னால் ஒரு மூச்சு விட்டார். அங்கே அப்படித்தான் நிறுத்த வேண்டும் என்று நினைத்து எழுதியிருந்தேன். ஜூரியில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெண் தாளில் எதையோ குறித்துக்கொண்டார்.

“இதை நீர் உம்முடைய நண்பர்களுக்கு அனுப்பினீரா?”

“அனுப்பினேன்.”

“‘இந்த ஆளுக்கு என்னைத் தெரியும்’ என்று எழுதியது நீர்தானே?”

“அது பகிடி.”

“எது பகிடி? கத்தியா, லிஃப்டா?”

அண்ணா மேலே எங்கள் பக்கம் பார்த்தார். அந்த நேரம் நான் எழும்பியிருப்பேன். எழும்ப முடியவில்லை. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். மதிய இடைவேளை வரைக்கும் விடவில்லை. இப்போதும் நான்கு விரல் அடையாளம் இருக்கிறது.

ஜூன் 19

குற்றவாளி.

ஜூலை 10

ஒன்பது வருடம். ரீஸுக்குப் பதினான்கு.

அம்மாவுக்கு நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் சொன்னார். நல்ல மனிதர், மெதுவாகச் சொன்னார். அம்மா அவரிடம், “தம்பி, திரும்ப ஒருக்காச் சொல்லுங்கோ” என்றார். அவர் திரும்பச் சொன்னார். அதே இலக்கம்தான்.

வெளியே வரும்போது கேலத்தின் தாய் கழிவறையில் முகம் கழுவிக்கொண்டு நின்றார். அம்மா பக்கத்துக் குழாயில் முகம் கழுவினார். கண்ணாடியில் இரண்டு பேரும் ஒருவரையொருவர் கண்டார்கள். அந்தப் பெண் காகிதத் துவாயை இழுத்தார், இரண்டு வந்துவிட்டது. ஒன்றை அம்மாவின் பக்கம் வைத்துவிட்டுப் போனார்.

ஜூலை 22

படத்தை ஒரு பெரிய இணையத்தளம் வாங்கியிருக்கிறது. சராசரி நட்சத்திரம் இரண்டரையில் இருந்து நான்குக்கு ஏறிவிட்டது. புதிய கருத்து ஒன்று: “முதலில் பார்த்தபோது ஒன்று போட்டேன். தீர்ப்பை வாசித்த பிறகு திரும்பப் பார்த்து ஐந்தாக மாற்றுகிறேன். ஒவ்வொரு காட்சியும் இப்போது வேறு மாதிரி இருக்கிறது.”

வெண்ணெய்க்காரரும் தன் கருத்தை அழித்துவிட்டு, “மன்னிக்கவும், என் கணிப்புத் தவறு” என்று போட்டிருக்கிறார்.

ஓகஸ்ட் 16

அண்ணாவைப் பார்க்கப் போனோம். இரண்டு ரெயில், ஒரு பஸ். அம்மா கட்டிக்கொண்டு போன, மீன் வைத்த மாலுபனிஸை உள்ளே விடவில்லை. நாங்களே பஸ் நிறுத்தத்தில் இருந்து சாப்பிட்டோம்.

சொல்லிவிடுவது என்று முடிவெடுத்துத்தான் போனேன். வழி முழுக்க வசனத்தைப் பாடமாக்கினேன். அம்மா இயந்திரத்தில் தேத்தண்ணி எடுக்கப் போனபோது தொடங்கினேன்.

“அண்ணா, அந்தப் பஸ் ஓட்டுறவர் எழுதினது…”

“ஓம், நானும் உனக்குச் சொல்ல இருந்தனான்,” என்றார். முகம் மெலிந்திருந்தது. கண் மட்டும் பளிச்சென்று மின்னியது. “அதாலதான் நான் மாட்டினதெண்டு எல்லாரும் சொல்லினம். மிஸ் ஹார்க்ரீவ்ஸும் சொன்னவ. அவரில எனக்குக் கோபமில்லை தெரியுமோ?”

“ஏன்?”

“அவ்வளவு பேரும் வெண்ணெய் வெண்ணெய் எண்டு சிரிச்ச நேரம், என்னைத் தெரியாத ஒரு ஆள் எனக்காக இருந்து எழுதியிருக்கிறார். வேலை முடிஞ்சு களைச்சு வந்து எழுதியிருப்பார். எனக்கு அவர் ஆரு? நான் அவருக்கு ஆரு?” கொஞ்சநேரம் மேசையைத் தடவினார். “இஞ்ச இரவில கதவு பூட்டினாப் பிறகு நான் அதைத்தான் யோசிக்கிறனான். வெளியில வந்தா அந்த மனுசனைத் தேடிப் பிடிச்சு ஒருக்காக் கை குடுக்கோணும்.”

நான் மேசைக்குக் கீழே என் கைகளைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

“என்னவோ சொல்ல வந்தனீ?”

“அவர் எழுதினது நல்லா இருக்கெண்டு சொல்ல வந்தனான்.”

“ஓமடி! நீ புத்தகம் வாசிக்கிறனீ, உனக்குத்தான் தெரியும்.” பிறகு, “எனக்காக அவருக்கு ஒரு பதில் போட்டுவிடு. கஜீபன் நன்றி சொன்னவனெண்டு. அவர் பாத்தா ஏதாவது எழுதுவார்,” என்றார்.

அம்மா மூன்று குவளையோடு வந்தார். எனக்கும் அண்ணாவுக்கும் சீனி போட மறந்துவிட்டார்.

ஓகஸ்ட் 19

பதில் போட்டேன். ‘கஜீபனின் தங்கை எழுதுகிறேன். அண்ணா உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னார்.’ அழுத்தியதும் என் ஃபோனிலேயே மணி அடித்தது: உங்கள் கருத்துக்கு ஒருவர் பதில் எழுதியிருக்கிறார்.

ஓகஸ்ட் 30

அண்ணா ஃபோன் எடுத்தார். பத்து நிமிடம்தான் தருவார்கள். அம்மா வேலையில் இருந்தார். சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை.

“பஸ்காரர் பதில் போட்டவரோ?”

“போட்டவர்.”

“மெய்யாவோ? வாசி.”

என் கையில் ஒன்றும் இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னேன். சின்னச் சின்ன வாக்கியமாகச் சொன்னேன். அன்பு மகனே. நான் எழுதியதில் பாதி பொய். நீ அப்படிப்பட்டவன் இல்லை என்று எனக்குத் தெரியும். நீ பால் போத்தலோடு வருவதைத்தான் நான் கண்டிருக்கிறேன். உன்னை நினைக்கிறேன்.

மறுபக்கத்தில் பின்னால் யாரோ கத்துவதும் கதவு அடிபடுவதும் கேட்டது.

“ஆரபி.”

“ஓம் அண்ணா.”

“இன்னொருக்கா வாசி. ஆறுதலா வாசி.”

எந்த வாக்கியம் முதலில் வந்தது என்று எனக்கு நினைவில்லை. தொடங்கினேன். ஓரிடத்தில் சொல் மாறிவிட்டது. அண்ணா கவனித்தாரோ தெரியாது.

நேரம் முடிகிறது என்று மணி அடித்தது.

“திரும்பவும் எழுதுவாரோ?” என்று கேட்டார்.

எழுதுவார் என்றேன்.